மூன்றாவது ஐஸ்கிரீம்

ஜூன் 3

தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய டைப் அடித்த தாள் வந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி வேறு போட்டிருக்கிறாய். ‘குடிபோதையில் தவறாகப் புரிந்துகொண்டு விடுதி அறையின் கதவை உடைத்தேன், என் தங்கையின் மருமகனைத் தாக்கினேன், மனப்பூர்வமாக வருந்துகிறேன்.’ வக்கீல் நன்றாக எழுதுகிறார். அதில் இரண்டு விஷயம் சரி. கதவை உடைத்தேன். தாக்கினேன். நான் குடிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். வருந்தவில்லை என்பதை இப்போது தெரிந்துகொள். கேஸில் மூன்று பல் போனதாகப் போட்டிருக்கிறார்கள். நான்கு என்று நினைத்திருந்தேன்.

போனை நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். மச்சான் ரிட்டயர் ஆன சந்தோஷத்துக்குப் போன நான்கு நாள் சுற்றுலாவை நான் கெடுத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்கிறாயாம். சுற்றுலாவைப் பற்றியே பேசுவோம்.

வேனில் நாம் ஐந்து பேர். உன் மாப்பிள்ளை டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான். உன் மகள் பொடிசு அவனுக்குப் பின்னால். ஏழு மணி நேரமும் அவன் கையைப் பின்னால் நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தான். நீ என் காதில், “பாருங்கண்ணா, எவ்வளவு ஆசை” என்றாய். நான் அவள் விரல் நுனிகளைப் பார்த்தேன். ரத்தம் போகாமல் வெளுத்திருந்தன.

விடுதியில் உங்கள் இரண்டு அறைக்கும் ஏரி பார்த்த ஜன்னல். எனக்குத் துணி வெளுக்கும் இடத்துக்குப் பக்கத்து அறை. சுவர் முழுக்க ஆவி. துண்டை வாத்து மாதிரி மடித்து வைத்திருந்தார்கள், சோப்பு பொத்தான் அளவு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொடிசு அறையின் தாழ்ப்பாள் விழவில்லை என்று அவள் சொன்னதும், ஆள் வருகிறான் வருகிறான் என்று விடுதிக்காரன் இழுத்தடித்தான். பூட்டுக் கடைக்காரன் நான் இருக்கும்போது என் தங்கை மகள் தாழ்ப்பாள் இல்லாத அறையில் தூங்குவதா? பையிலிருந்த திருப்புளியை எடுத்து நானே சரிசெய்தேன். உன் மாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்துகொண்டு, “என்ன மாமா, இங்கயும் கடை போட்டுட்டீங்களா? போர்டு மாட்டிரலாமா?” என்றான். நீகூடச் சிரித்தாய்.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் பொடிசு ரொட்டிக்கு வெண்ணெய் தடவியது இடது கையால். “உனக்கு எப்பேர்ந்து இந்தப் பழக்கம்?” என்று கேட்டேன். “சும்மா மாமா, ஒரு ஸ்டைல்” என்றாள். அன்று படகுத் துறையில் அவன் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கினான். சாப்பிட்டாள். இன்னொன்று வாங்கினான். அதையும் சாப்பிட்டாள். மூன்றாவது வாங்கிக்கொண்டு வந்து கரண்டியை வாயருகே நீட்டினான். “போதுங்க” என்றாள். “சாப்பிடு. நான் ஆசையா வாங்கித் தந்தா கசக்குதா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவள் வாயைத் திறந்தாள். நீ போட்டோ எடுத்தாய். எனக்கு அந்த மூன்றாவது ஐஸ்கிரீமிலேயே தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு ரோப் காரில் போவதாக ஏற்பாடு. மச்சான் வாசலில் வேனில் இருந்தார். நீ ஸ்வெட்டர் எடுக்க மேலே போயிருந்தாய். அவர்கள் இறங்கி வரவில்லை என்று நான் கூப்பிடப் போனேன். நடைக் கம்பளத்தில் நின்றபோது உள்ளே சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். “வர்றோம் மாமா, நீங்க போங்க” என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு. பிறகு மறுபடியும் அதே சத்தம். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றிக் கதவை உடைத்தேன்.

அவள் குளியலறை வாசலில் கிடந்தாள். வலது கை விரல்களைக் கதவிடுக்கில் வைத்து அவன் கதவைச் சாத்தியிருந்தான். இஸ்திரிப் பெட்டியின் வயர் அவன் கையில் சுற்றியிருந்தது. என் கையில் சாவிக்கொத்து இருந்தது. விரல்களுக்கு இடையில் சாவிகளைப் பிடித்துக்கொண்டு அடித்தேன். விழுந்தான். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி முகத்தை வாஷ்பேசின் விளிம்பில் மோதினேன். இரண்டாம் தடவை மோதியபோதுதான் தாடை உடைந்த சத்தம் வந்தது. நான்கு பேர் வந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். இதற்கு எதற்கு வருந்த வேண்டும்?

உன் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். நீ உள்ளேதான் இருந்தாய். உனக்கு ஒன்றும் கேட்கவில்லையா?

பொடிசை என்னிடம் அனுப்பு. தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பின்பக்கம் காலியாக இருக்கிறது, துணி அளவு எழுத உதவும்.

அண்ணன்


ஜூன் 8

அண்ணனுக்கு,

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அறுபது யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்க வேண்டும். தையல் மிஷினை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். உங்களை மாதிரி எனக்குப் பக்கம் பக்கமாக எழுத நேரமில்லை.

மாப்பிள்ளை தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். குழாய் வைத்துக் கஞ்சி உறிஞ்சுகிறார். கார் ஷோரூமில் விற்பனை மேனேஜர், வாயைத் திறந்தால்தான் வேலை. அந்த வாயை உடைத்துவிட்டு வருந்தமாட்டேன் என்கிறீர்கள். உங்களுக்கு ஜாமீன் கிடைத்ததே உங்கள் மச்சான் போய் அந்த வீட்டு வாசலில் நின்றதால்தான். மாப்பிள்ளையின் அண்ணன்காரன் மச்சானைக் கைநீட்டி அடித்தான், தெரியுமா உங்களுக்கு? அறுபது வயது மனிதரை, தெருவில், நான்கு பேர் பார்க்க. அவர் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை.

பொடிசு குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. விழும்போது கதவைப் பிடித்திருக்கிறாள், கதவு சாத்திக்கொண்டது. புருஷன் பெண்டாட்டிக்குள் நாலு வார்த்தை வருவதும் போவதும் இருக்கும். நீங்கள் உள்ளே புகுந்ததால் அது போலீஸ் வரைக்கும் போயிற்று.

இன்னொன்றும் சொல்கிறேன். பெரிய பூட்டுக் கடைக்காரர் என்று தாழ்ப்பாளைச் சரிசெய்தீர்களே, அவளால் அதைத் திறக்க முடியவில்லை. இரண்டு கையாலும் இழுத்திருக்கிறாள். முதல் நாள் இருந்தபடி விட்டிருந்தால் கதவை ஒரே இழுப்பில் திறந்து வெளியே ஓடி வந்திருப்பாள். அவளேதான் சொன்னாள்.

அவர்கள் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கேஸைத் திரும்பப் பெறுவார்கள். முப்பதாம் தேதி வந்து அவளைக் கூட்டிப் போவார்கள். இதே தாள் இன்னொரு பிரதி வைத்திருக்கிறேன். இதன் பின்பக்கத்தில் அளவு எழுதமாட்டேன்.

தங்கை


ஜூன் 12

தங்கச்சிக்கு,

வழுக்கி விழுந்தவள் எதற்குத் தாழ்ப்பாளை இரண்டு கையால் இழுத்தாள்? எதற்கு வெளியே ஓடப் பார்த்தாள்? உன் கடிதத்தை நீயே ஒரு தடவை படி.

தாழ்ப்பாள் விஷயம் உண்மை. தாழ்ப்பாள் போய் மாட்டும் வளையத்தைக் கதவு நிலையில் அரை அங்குல ஸ்க்ரூ நான்கு போட்டு நிறுத்தியிருந்தார்கள். நான் அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டேன். என் பையில் எப்போதும் இருக்கும். தாழ்ப்பாள் இறுக்கமாக விழ வேண்டும் என்று வளையத்தை ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி வைத்தேன். பழைய ஸ்க்ரூவாக இருந்திருந்தால் ஓர் உதையில் கதவு திறந்திருக்கும். என் வேலையை உடைக்க எனக்கு ஒன்பது அடி ஆயிற்று. ஒன்பதையும் எண்ணினேன். ஐந்தாவது அடிக்கும் ஆறாவது அடிக்கும் நடுவில் அவள் அலறினாள். விரல் அப்போதுதான் போயிருக்க வேண்டும். நீ சொல்லித்தான் இது எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. அன்றைக்கே தெரியும்.

போன வியாழக்கிழமை மதியம் அந்த அண்ணன்காரன் இரண்டு பேரோடு கடைக்கு வந்தான். இரும்புக் கம்பி கொண்டு வந்திருந்தான். “கெழவா, தாடைக்குத் தாடை” என்றான். முதல் வீச்சில் கண்ணாடி அலமாரி போயிற்று. இரண்டாவது என் தலையில். சைக்கிள் சங்கிலிப் பூட்டு கைக்கு எட்டியது. அவன் முழங்காலில் சுற்றிப் போட்டு இழுத்தேன். விழுந்தவன் எழுந்திருக்கப் பார்த்தபோது முட்டியிலேயே இன்னொன்று. பக்கத்து டீக்கடைக்காரர் வந்து விலக்கிவிட்டார். “பெரியவரே, இந்த வயசுல இவ்வளவு கோவம் எங்கேர்ந்து வருது?” என்று கேட்டார். எனக்கு ஏழு தையல். மச்சானை அடித்ததற்கு அந்த முட்டி என்று வைத்துக்கொள்ளச் சொல்.

ஜெயிலுக்குப் போனாலும் போவேன், கையெழுத்துப் போடமாட்டேன். முப்பதாம் தேதி அவளை அனுப்பினால் நானும் அந்த வீட்டுக்குப் போவேன். அடுத்த தடவை தாடையோடு நிற்காது. இதை மிரட்டல் என்று வக்கீலிடம் காட்ட வேண்டுமானால் காட்டு. தேதி போட்டிருக்கிறேன்.

அண்ணன்


ஜூன் 16

அண்ணனுக்கு,

டீக்கடைக்காரருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அந்தக் கோபம் எங்கேயிருந்து வருகிறது என்று.

எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா அம்மா போன பிறகு உங்கள் வீட்டில்தான் இருந்தேன். நீங்கள்தான் எனக்குச் சோறு போட்டீர்கள், மறக்கவில்லை. உள் அறைக் கதவைச் சாத்திவிட்டு நீங்கள் அண்ணியை அடிக்கும்போது நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். முதலில் கட்டில் நகரும் சத்தம். பிறகு ஒன்றும் இருக்காது. அண்ணி கத்தமாட்டார், எனக்குக் கேட்கக் கூடாது என்று. அக்கம்பக்கத்தில் கேட்கக் கூடாது என்று நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவேன். ஒரு தடவைகூடக் கதவைத் தட்டியதில்லை.

அந்த விடுதியில் எனக்குக் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. கட்டில் நகர்ந்ததுமே கேட்டது. டிவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். கை தானாகப் போயிற்று. என் மகள் என்பது தெரிந்தும் போயிற்று. நீங்கள் கதவை உடைக்கும் வரைக்கும் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தி கேக்கின் மேல் கிரீம் தடவினாள். போதுமா?

எனக்குத் தண்டனை நானே கொடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது? உங்களுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? அவனுக்கு ஒரு பெரியவர் வந்து தாடையை உடைத்தார். உங்களுக்கு யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

பொடிசிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். மாமா கூட்டி வரச் சொல்கிறார் என்றேன். அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே என்ன சொன்னாள் தெரியுமா? “எல்லா வீட்லயும் இதானேம்மா. மாமாவே அடிச்சவர்தானே. அத்தை என்ன செத்தா போயிட்டாங்க? கொஞ்ச நாள்ல சரியாயிடும். அவர் அடிச்சா அடுத்த வாரமே எங்கயாவது கூட்டிட்டுப் போவாரு, என்ன கேட்டாலும் வாங்கித் தருவாரு. மனசு இருக்குல்ல?” சொல்லிவிட்டுப் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள், ஒரு கையால்.

அவளிடம் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். ஐஸ்கிரீமைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது என்று பெரிதாக எழுதினீர்கள். ஐஸ்கிரீமில் என்ன தெரிந்தது? போட்டோ எடுத்த எனக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

தங்கை


ஜூன் 20

தங்கச்சிக்கு,

இதைப் பொடிசை உட்கார வைத்துப் படித்துக் காட்டு. நடுவில் நிறுத்தாதே. எனக்கு நல்லது போல எதையும் மாற்றாதே.

பொடிசு,

உன் அத்தையை நான் முதலில் அடித்தது ஒரு பேருந்து டிக்கெட்டைத் தொலைத்ததற்காக. நடத்துனர் எல்லார் முன்னாலும் கேட்டார், அவள் பையைக் கொட்டித் தேடினாள், எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். குடித்திருக்கவில்லை. நான் எப்போதும் குடித்துவிட்டு அடித்ததில்லை. உதடு கிழிந்தது. அடுத்த வாரம் அவளை மலைக்குக் கூட்டிப் போனேன். விடுதியில் நல்ல அறை, மேல் மாடி. உதட்டில் தையல் இருந்தது. நான் கேக் வாங்கி வந்தேன். அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. “உனக்காகத்தானே வாங்கினேன்” என்றேன். சாப்பிட்டாள். அவள் சாப்பிடச் சாப்பிட எனக்கு மனம் லேசானது. முழுவதும் சாப்பிட்டால் நான் நல்லவன் என்று ஆகிவிடும் போல இருந்தது. அதனால் இன்னொரு துண்டு வாங்கினேன். அவளுக்குப் பசிக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. பசித்தது எனக்கு.

இரண்டாவது தடவை கடற்கரை ஊர். அதற்கு முன்னால் ஒடித்தது சுண்டுவிரல். குதிரைச் சவாரி, பலூன் சுடுதல், பஞ்சு மிட்டாய், எல்லாம் உண்டு. மூன்றாவது தடவை விலா எலும்பு. அவளால் பேருந்துப் படியில் ஏற முடியவில்லை என்று வாடகைக் கார் எடுத்தேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு, பார். ஊர்க்காரர்கள், “அவன் பெண்டாட்டியை ராணி மாதிரி வைத்திருக்கிறான், வருஷத்துக்கு இரண்டு ஊர்” என்றார்கள். உன் அம்மாகூட ஒரு தடவை பொறாமைப்பட்டாள்.

இதில் ஒன்றைக் கவனித்துப் பார். சுற்றுலா ஒவ்வொன்றும் முந்தியதைவிட உசத்தியாக இருந்தது. அடியும் அப்படித்தான். உன் புருஷன் எடுத்தது ஏரி பார்த்த அறை. அதைப் பார்த்தே நான் பயந்திருக்க வேண்டும். ஐஸ்கிரீம் மூன்றாவதுக்கு வந்தபோதுதான் பயந்தேன். பயந்தும் ஒரு நாள் சும்மா இருந்தேன். அவன் செய்வதெல்லாம் எனக்குத் தெரிந்த வேலையாக இருந்தது. நான் செய்தபோது அதற்குப் பெயர் ஆசை.

நான்காவது தடவை எதை உடைத்தேன் என்று எழுதமாட்டேன். வெட்கப்பட்டு இல்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. அதற்கப்புறமும் வெளியூர் ஏற்பாடு செய்தேன். அவள் பெட்டி கட்டினாள். நிலையத்தில் நான் டிக்கெட் எடுக்க வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது பெஞ்சில் என் துணி மட்டும் மடித்து வைத்திருந்தது. பெட்டியும் அவளும் இல்லை. குழந்தை இல்லாததால் சண்டை, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நான் உங்களுக்கெல்லாம் சொன்னது பொய்.

அத்தை சாகவில்லைதான். கேட்டாய் அல்லவா? அன்றைக்கு வரிசை சிறியதாக இருந்திருந்தால் செத்திருப்பாள். அது எனக்குத் தெரியும், என் கைக்கும் தெரியும். அவனை வாஷ்பேசினில் மோதியபோது கை புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

உனக்கும் அவனுக்கும் நடுவில் வர எனக்குத் தகுதி இல்லை என்கிறாள் உன் அம்மா. இல்லைதான். தகுதி உள்ளவர்கள் யாரும் அந்த நடையில் நிற்கவில்லை.

மாமா


ஜூன் 24

அண்ணனுக்கு,

படித்தேன். நிறுத்தவில்லை, மாற்றவில்லை. பொறாமைப்பட்டேன் என்ற இடத்தை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு படித்தேன். மச்சானும் உட்கார்ந்து கேட்டார்.

அவள் அழவில்லை. “மூணும் வெனிலாதான் வாங்கினாரு. எனக்கு வெனிலா பிடிக்காதுன்னு தெரியும்” என்றாள். பிறகு பெட்டியைத் திறந்து, மேலே இருந்த ஒரு சால்வையை எடுத்து வெளியே போட்டாள். அவன் சுற்றுலாவில் வாங்கித் தந்தது. மற்றதை அப்படியே வைத்து மூடினாள்.

நேற்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் முப்பதாம் தேதி கார் வரும் என்றார்கள். வந்த கையோடு மாப்பிள்ளை அவளைத் தீவுக்குக் கூட்டிப் போகப் போகிறாராம். கடலைப் பார்த்த அறை. ஐந்து நாள். முன்பணம் கட்டியாயிற்றாம். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கார் வந்தால் மச்சான் வாசலில் நிற்கிறேன் என்கிறார். அவர் நின்றால் மறுபடி அடிப்பார்கள். நானும் நிற்பேன். இந்தத் தடவை ரேடியோ எதுவும் போடமாட்டேன்.

ஆனால் அவள் இங்கேயும் இருக்கமாட்டேன் என்கிறாள். உங்களிடமும் வரமாட்டாளாம். “மாமா கடைக்கு அவங்க வருவாங்க, மாமா மறுபடியும் அடிப்பாரு. எனக்கு யார் அடிக்கிறதையும் பார்க்க வேண்டாம்” என்றாள். “அத்தை எங்க இருக்காங்க?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

தெரியுமா?

தங்கை


ஜூன் 26

தங்கச்சிக்கு,

தபாலை நம்பாமல், உங்கள் ஊர்ப் பக்கம் வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக்கே கிடைக்கும்.

உங்கள் பேருந்து நிலையத்தில் காலை ஆறு பத்துக்கு வடக்கே போகும் வண்டி ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தியதில் ஏற வேண்டாம், அது ஊர் ஊராக நிற்கும். வலது பக்கம் உட்காரச் சொல். இடது பக்கம் பத்து மணி வரை வெயில். இரண்டாவது பாலம் தாண்டியதும் சிமெண்ட் கிடங்கு நிறுத்தம். அங்கே இறங்கினால் எதிரில் ஒரு மூன்று மாடி விடுதி தெரியும். அதில் யாரும் தங்க வேண்டாம். வெந்நீர் வராது, மெத்தையில் மூட்டைப்பூச்சி. இரண்டாம் மாடியில் தெருவைப் பார்த்த அறை ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு நாள் நான் அதில் இருப்பேன். பூட்டு வாங்கப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லும் நாட்கள். பதினாறு வருஷமாக. ஒரு தடவைகூடக் கீழே இறங்கிப் போய்ப் பேசியதில்லை. அவள் என்னைப் பார்த்ததில்லை.

விடுதிக்கு நேர் எதிர்ச் சந்து. நான்காவது வீடு, மாடிப்படி வெளியிலேயே இருக்கும். அவள் அச்சகத்தில் புத்தகம் தைக்கிறாள். எட்டே முக்காலுக்குப் போனால் ஐந்தரைக்குத் திரும்புவாள். சனிக்கிழமை அரை நாள். கீழ் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது, குரைக்கும், கடிக்காது.

பொடிசை நாளை மறுநாள் காலையிலேயே அனுப்பிவிடு. முப்பதாம் தேதி வரை காத்திருக்காதே. மச்சான் கூடப் போகட்டும், பாலத்தோடு திரும்பி வந்துவிடட்டும். நான் வரவில்லை. அவள் அங்கே இருக்கும்வரை அந்தத் தெருவுக்கு நான் போகமாட்டேன். அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துக்கொள்ளச் சொல்லி விடுதிக்கும் எழுதிவிட்டேன்.

முப்பதாம் தேதி காலை உன் வீட்டு வாசலில் நான் இருப்பேன். சாவிக்கொத்து கொண்டு வரமாட்டேன். கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அடித்தால் அடிக்கட்டும். கேஸில் நான் அடித்தேன் என்று எழுதிக் கொடுக்கிறேன், ஏன் அடித்தேன் என்றும் சேர்த்து. வருந்துகிறேன் என்ற வார்த்தை அதில் வராது. அந்த வார்த்தை போக வேண்டிய இடம் வேறு, அதைக் கேட்க அவளுக்கு இஷ்டமா என்று எனக்குத் தெரியாது. பொடிசு மூலம் சொல்லி அனுப்பக் கூடாது.

யார் அனுப்பினார்கள் என்று கேட்டால் அம்மா என்று சொல்லச் சொல்.

ஒன்றை மட்டும் பொடிசிடம் மறக்காமல் சொல்லிவிடு. அத்தைக்கு வலது பக்கமாக நின்று பேச வேண்டும். இடது காது கேட்காது.

அண்ணன்